எது எதோடு வருகிறது

பத்தொன்பதாவதும்
எண்ணூறு மீட்டரில் இடுப்பொடிந்து விழுந்தது.
தலவாக்கலை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே மேல்மாடி,
போட்டோக்கொப்பிக் கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்க
மறுபடி கட்டும் கூடத்தில் வந்து நிற்கிறேன்.
திரைக்குள் அங்கே எப்போதும் பகல்.
மழையில்லை, பனி இறங்குவதில்லை,
விழுந்ததை யாரும் பொறுக்கவும் வேண்டியதில்லை.

கட்டாரிலிருந்து ரெஜினோல்டின் குரல்பதிவு.
பின்னால் ஏசி இரைச்சல், யாரோ மலையாளத்தில் சிரிப்பு.
"முட்டுக் குடு. இன்னும் நாலு முட்டுக் குடு.
நாங்க இங்க முப்பது மாடிக்குச் சாரம் கட்டுறோம்.
ஆடுச்சின்னா முட்டு, அம்புட்டுத்தான்."

கொடுத்தேன்.
நாலு எட்டானது, எட்டு பதினாறு.
சமச்சீர்ப் பொத்தானை அழுத்திவிட்டால்
ஒரு பக்கம் வைக்கும் கம்பி
நாலு பக்கமும் தானாய் முளைக்கும்.
பிழையும் அப்படித்தான்,
நாலு பக்கமும் அழகாய்.

இருபதாவது ஆடாமல் எழும்பியது.
மூச்சு விடப் போனேன்.
பக்கத்து எஞ்சின்கள் கழன்று விழவேண்டிய நொடியில்
விழவில்லை.
கம்பிகள் விடவில்லை.
எரிந்து முடிந்த நாலு வெறுங்கலங்களையும்
இடுப்பில் கட்டிக்கொண்டு
ரொக்கெட் மெல்லக் கவிழ்ந்து கடலைப் பார்த்தது.
உள்ளே பெனடிற்றா
(பொம்மைக்கு நான் வைத்த பெயர்)
சிரித்தபடியே போனாள்.

கீழே கடைசி நுவரெலியா பஸ் இருமிக்கொண்டு கிளம்பியது.
வோல்டேஜ் இறங்கி
திரை ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது.

சரி, முட்டே வேண்டாம்.
பதினாறையும் பிடுங்கினேன்.
மொட்டையாய் நின்றதை
ஒவ்வொரு துண்டாய்ப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.
மூக்கை இழுத்தால் பாரசூட் கூட வந்தது. நல்லது.
பக்கத்துக் கலத்தை இழுத்தால் அதன் எஞ்சினும் வந்தது.
நடுக்கலத்தை இழுத்தேன்.
அதற்குக் கீழே உள்ளதெல்லாம் வரவேண்டும்.

கலம் மட்டும் வந்தது.
பெரிய எஞ்சின் அந்தரத்தில் நின்றது,
தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது போல.

அட நாசமே.
அவை ஒட்டவே இல்லை.
மூன்று நாளாய்த் தொட்டுக்கொண்டு நின்றிருக்கின்றன.
பச்சைப் புள்ளி பச்சைப் புள்ளியில் சேராமல்
ஒரு நகக்கண் தள்ளிப் போய்,
அழகுக்காகக் கூண்டிலிருந்து நான் தொங்கவிட்ட
மெல்லிய சட்டகத்தில் எஞ்சின் தொற்றியிருக்கிறது.
மெஷினில் கடதாசி சிக்கிய அவசரத்தில்
நான்தான் வைத்திருப்பேன்.
அத்தனை உந்தலும்
அந்த ஈர்க்குச்சி வழியாய் ஏறப் பார்த்திருக்கிறது.

புள்ளியில் புள்ளியை வைத்தேன்.
"டக்" என்றது.
மூன்று நாள் காதில் விழாத டக்.

இருபத்தொன்று போயிற்று.
வெறுங்கலங்கள் நாலும் விலகின,
நீலம் கருநீலமாகி, பிறகு கறுப்பு.
ரெஜினோல்டுக்குப் படம் அனுப்பினேன்.
"நான் அப்பவே நெனச்சேன்," என்றான் புளுகன்.

ஷட்டரை இழுக்கப் போகையில்
மெஷின் தட்டில் ஒரு தாள்.
மத்தியானம் மேற்பிரிவுப் பழனிமுத்து
சுவர் வெடிப்பைப் படமெடுத்து வந்திருந்தார்.
காரியாலயத்துக்குக் கொடுக்க வேண்டுமாம்.
"இன்னும் கறுப்பா எடும்மா, வெடிப்பு தெரியணும்.
முட்டுக் குடுத்துத்தான் வச்சிருக்கோம்."
மூன்று தடவை கறுப்பாக்கினேன்.
முதலாவது வெளிறிப்போனதால் இங்கேயே கிடக்கிறது.

வெளிறியதில்தான் தெரிகிறது:
வெடிப்பு சுவரின் நடுவில் இல்லை.
பழைய லயத்துச் சுவரும்
பிறகு ஒட்டிக் கட்டிய குசினியும் சந்திக்கும் மூலையில்
மேலிருந்து கீழ்வரை
ஒரே நேர்கோடு.
மூங்கில் முட்டு, பாவம்,
குசினியைப் பிடித்திருக்கிறது.
குசினி எதையும் பிடித்திருக்கவில்லை.

மணி பத்தரை.
வெளியே தகரத்தில் மழை தொடங்குகிறது.
படிவத்தின் நகலில்
அவருடைய போன் நம்பர் இருக்கிறது,
கடைசி எண் மூன்றா எட்டா தெரியவில்லை.
மூன்றை முதலில் அழுத்துகிறேன்.